கருவின் உயிரணு: பகுதியோ, முழுமையோ?

மானுட உடம்பு கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு துளியினின்றும் தோன்றி விரிவதென்பது நம் நூல்வல்லார் யாவரும் அறிந்ததொன்று. மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலில் கருவுற்ற காலத்தை மாதந்தோறும் பகுத்து, ஒவ்வொன்றினும் தப்பிப் பிழைத்த இடர்களை எடுத்தோதுதலும் அன்பர்கள் நாடோறும் ஓதியறிந்ததே. அத்துளி யாங்ஙனம் கையும் காலும் கண்ணும் நெஞ்சுமாக விரிகின்றது என்னும் வினாவை மேனாட்டு உடலியற் புலவர்கள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சி இன்று கருவினை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தல், அதன் அணுக்களைப் பிரித்தெடுத்தல், அவற்றால் நோய் தீர்க்க முயலுதல் என்னும் எல்லை வரையிற் சென்றுள்ளது. செல்லவே, உயிர்க்கும் உடம்பிற்கும் உள்ள இயைபினை ஆராயும் கடப்பாடுடைய நம்மனோர் இதனைக் கேளாது விடுதல் தகாது; அரைகுறையாகக் கேட்டு விரைந்து முடிபு கூறுதல் அதனினும் தகாது. ஆகலின், அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும் பயனையும் அதனால் எழும் ஐயத்தையும் முறையே ஈண்டுக் கூறப் புகுந்தாம்.

1. சொல்லும் பொருளும்

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிதல் வேண்டும். இக்காலத்து உடலியல் நூலார் வழங்கும் ‘உயிரணு’ என்னும் சொல் நம்மை மயக்கற்பாலது. சித்தாந்த நூல்களில் உயிர் என்பது பசுவாகிய ஆன்மா. அணு என்பதும் ஆணவத்தாற் சுருக்குண்டு நிற்றல் பற்றி அவ்வான்மாவுக்கே ஒரு பெயராய் வழங்கும். இங்ஙனம் சொல்லின் இரு கூறும் ஆன்மாவைக் குறிப்பனவாயிருப்ப, தொகைச்சொல்லோ ஆன்மாவைக் குறியாது உடம்பாகிய சடப்பொருளின் மிகச் சிறிய கூறொன்றையே குறிக்கின்றது. 1665-இல் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் நோக்கி, அதன்கண் நெருங்கியிருந்த வெற்றறைகளைக் கண்டு, ‘சிற்றறை’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். அப்பெயரே ‘செல்’ என்பது. அதற்கு ஈடாக நாம் வழங்குவதே உயிரணு. இக்கட்டுரையில் உயிரணு என வருமிடந்தோறும் உடம்பின் சிற்றறையையே கொள்க, ஆன்மாவைக் கொள்ளற்க. இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே, “உயிரணுவைக் கண்ணாடியிற் கண்டார், ஆகலின் உயிரைக் கண்டார்” என்பது போலும் பிழைபட்ட உரைகள் எழுகின்றன.

2. இரு கட்சிகள்

கருவின் விரிவு குறித்து மேனாட்டில் இரு கட்சிகள் நெடுங்காலம் முரணி நின்றன. முதற்கட்சியார், உறுப்புக்களெல்லாம் கருவின் முதலிலேயே நுண்ணுருவாய் அமைந்துள்ளன, அவை பருத்தலே வளர்ச்சி என்றனர். 1694-இல் ஹார்ட்சோக்கர் என்னும் டச்சுக்காரர், தாதுவின் தலையுள் முழங்கால் மடித்துக் குந்தியிருக்கும் ஒரு குறுமனிதனைப் படமாக வரைந்து காட்டியது இக்கொள்கையின் அடையாளமாயிற்று. இரண்டாங் கட்சியார், முதலில் உறுப்பு யாதுமில்லை. வேற்றுமையற்ற பொருளினின்றும் உறுப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவாய்த் தோன்றுகின்றன என்றனர். கோழிமுட்டையை நாள்தோறும் உடைத்து நோக்கிய அரிஸ்டாட்டில் இக்கருத்தினர். 1759-இல் காஸ்பர் பிரீட்ரிக் வோல்ஃப் என்னும் ஜெர்மானியரும் கோழிக்கருவினை நுணுகியாராய்ந்து இதனையே நிலைநாட்ட முயன்றார். 1827-இல் ஃபான் பேயர் பாலூட்டும் விலங்கின் சினைமுட்டையை முதன்முதற் கண்டதும், 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல்முள்ளெலி என்னும் சிற்றுயிரில் தாதின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுபடுதலைக் கண்டதும் இவ்வாராய்ச்சிக்கு உறுதியான அடிப்படையாயின.

இதனைக் கேட்குங்கால் நம் அறிஞர்க்குச் சற்காரியவாதம் நினைவுக்கு வருதல் இயல்பே. காரியம் காரணத்தில் உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்பது நம் கொள்கையாகலின், முதற்கட்சி நம்முடையது என்று சிலர் கருதக்கூடும். அற்றன்று. மண்ணிற் குடம் உளது என்னுமிடத்து, மண்ணுக்குள் ஒரு குறுங்குடம் ஒளிந்திருக்கின்றது என்பது பொருளன்று; குடமாதற்குரிய ஆற்றல் சூக்குமமாய் உளது என்பதே பொருள். ஹார்ட்சோக்கர் கூறியதோ ஒளிந்திருக்கும் குறுங்குடமே. அக்கட்சி வீழ்ந்தமையாற் சற்காரியவாதத்திற்கு இழுக்கில்லை. அஃது ஓங்கியிருந்த காலத்தும் சற்காரியவாதத்திற்கு அதனால் ஏற்றமில்லை.

3. ரூவும் டிரீஷும்

இவ்வழக்கு சொற்போராய் நில்லாது செயன்முறைச் சோதனையாய் மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். கருவாகிய ஓருயிரணு இரண்டாய்ப் பிளக்குங்கால், ஒவ்வோரணுவும் உடம்பின் பாதிக்குரிய பொருளை மட்டும் பெறுகின்றதா, அன்றி முழுவுடம்பிற்குரிய ஆற்றலையும் பெறுகின்றதா என்பதே வினா.

1888-இல் வில்ஹெல்ம் ரூ என்னும் ஜெர்மானியர் தவளையின் கருவை எடுத்து, அஃது இரண்டணுவாய்ப் பிளந்த நிலையில், ஒன்றனைச் சூடேற்றிய ஊசியாற் குத்தி அழித்தார். எஞ்சிய ஓரணு பாதிக் கருவாகவே வளர்ந்தது. ஆகவே, ஒவ்வோரணுவும் உடம்பின் ஒரு பகுதியே என அவர் துணிந்தார்.

மூன்றாண்டு கழித்து, 1891-இல், ஹான்ஸ் டிரீஷ் என்பார் திரியெஸ்தே நகரில் கடல்முள்ளெலியின் கருவைக்கொண்டு இச்சோதனையைச் செய்தார். இவர் அணுவினைக் கொல்லவில்லை. கடல்நீரோடு ஒரு சிறு குழாயிலிட்டுக் குலுக்கி, இரண்டணுக்களையும் பிரித்துவிட்டார். ரூவின் முடிபே சரியாயின் ஒவ்வொன்றும் பாதியுடம்பாக வேண்டும். மாறாக, ஒவ்வொன்றும் முழுமையான சிறுபுழுவாக வளர்ந்தது. உருவிற் சிறியது; உறுப்பிற் குறைவில்லை. நான்கணு நிலையிற் பிரித்தபோதும் முழுவுடம்பு தோன்றக் கண்டார்.

அஃதாயின் ரூ பொய் கூறினாரோ எனின், இல்லை. அவர் கண்டது மெய், துணிந்தது பிழை. அவர் கொன்ற அணுவை அகற்றாது ஒட்டியவாறே விட்டமையால், எஞ்சிய அணு தனக்குத் துணையுண்டு என்னும் நிலையிலேயே நின்று பாதியாய் வளர்ந்தது. 1910-இல் மெக்லெண்டன் என்பார் தவளைக் கருவின் ஓரணுவை முற்றும் அகற்றியபோது, எஞ்சியது முழுக்கருவாகவே வளர்ந்தது. காட்சி ஒன்றே, அதனின்றும் செய்த அனுமானம் வேறுபட்டது. ஏதுவினை ஆராயாது துணிபு கூறுதலின் தீங்கிற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டா.

4. டிரீஷின் துணிபும் அதன் வழுவும்

டிரீஷின் பின்னைய வாழ்க்கை தத்துவ ஆராய்ச்சியாளர் அறியத்தக்கது. எந்தப் பொறியையும் இரண்டாக வெட்டின் அஃது இரண்டு முழுப்பொறி ஆகாது, கருவோ ஆகின்றது, ஆகவே கரு பொறியன்று, சடத்தின் விதிகளுக்கு அப்பாற்பட்ட ஓர் இயக்குபொருள் அதனுள் நின்று முழுமையை நோக்கிச் செலுத்துகின்றது என்று அவர் வாதித்தார். அப்பொருளுக்கு அரிஸ்டாட்டிலின் சொல்லைக் கடன்வாங்கி ‘எந்தெலெக்கி’ எனப் பெயரிட்டார். பின்னர் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தத்துவப் பேராசிரியராகவே விளங்கினார்.

சடத்தைக் கடந்த சித்துப்பொருள் உண்டென்னும் நம்மனோர்க்கு இவர் கூற்று இனிக்கும். ஆயினும், இனிக்கின்றது என்பதனாற் கொள்ளலாகாது. பொறி பிளவுபடின் முழுமை பெறாது என்பது அவர் காலத்துப் பொறிகளுக்கு ஒத்தது. ஒவ்வோரணுவும் முழுவுடம்பின் வரைவினையும் தன்னுட்கொண்டு, அண்டையணுவின் குறிப்பினை ஏற்று, அதற்கேற்ப அவ்வரைவின் ஒரு பகுதியைத் திறந்தும் பிறவற்றை அடைத்தும் தொழிற்படும் என்பது பின்னரே அறியப்பட்டது. அங்ஙனமாயின், துணையைப் பிரிந்த அணு முழுமையாய் வளர்தற்கு வேறொரு பொருளை வேண்டுதலில்லை. எனவே டிரீஷ் காட்டியது ஏதுப்போலியாய் முடிந்தது. ஆன்மா உண்டு என்பதனை நம் ஆசிரியர் நிறுவியது அறிவு, இச்சை, செயல் முதலியவற்றை ஏதுவாகக் கொண்டேயன்றி, உடலியல் நூலார் இன்னும் அறியாத ஓரிடத்தைக் காட்டி, “இஃது அறியப்படாமையின் ஆன்மா உண்டு” என்று கூறியன்று. அறியாமையை ஏதுவாக நாட்டிய கொள்கை, அறிவு வளருந்தோறும் இடம் சுருங்கும். டிரீஷின் கொள்கைக்கு நேர்ந்தது அதுவே.

அண்டையணுக்களின் குறிப்பு என்பது யாது என்பதனைக் காட்டியவர் ஹான்ஸ் ஸ்பேமனும் அவர் மாணவி ஹில்டெ மங்கோல்டும் ஆவர். 1924-இல் வெளியான அவர்தம் கட்டுரை, நிறம் வேறுபட்ட இருவகை நீர்ப்பல்லிகளின் கருக்களைப் பற்றியது. ஒரு கருவின் குறித்ததோரிடத்துச் சிறு துணுக்கை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினர். ஒட்டிய இடத்தில் முதுகுத்தண்டும் மூளையுமுடைய இரண்டாவது உடம்பொன்று எழுந்தது. நிறவேற்றுமையால் நோக்கியபோது, அவ்வுடம்பின் நரம்புப் பகுதி பெரும்பாலும் ஒட்டிய துணுக்கினால் ஆகாது, ஏற்ற கருவின் அணுக்களாலேயே ஆகியிருந்தது. துணுக்கு தானே உடம்பாகவில்லை. அயலணுக்களை உடம்பாகுமாறு ஒழுங்குபடுத்தியது. கட்டுரை வெளியான அவ்வாண்டிலேயே மங்கோல்ட் தீவிபத்தில் இளமையில் மாண்டார். ஸ்பேமனுக்கு 1935-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1990-களில் அத்துணுக்கு சுரக்கும் பொருள்கள் சில அறியப்பட்டன. அவை நரம்பாதற்கு ஏவுவனவல்ல. நரம்பாதலைத் தடுத்து நிற்கும் வேறு பொருளை அடக்குவன. தடை நீங்க, அணு நரம்பாகின்றது. இதனைக் கேட்டவுடன் மலநீக்கத்தை நினைந்து மகிழ மனம் விரையும். உவமையாகக் கொள்ளின் கொள்க; உவமை அளவையாகாது.

5. மானுடக் கருவின் முதல் நாட்கள்

மானுடச் சினைமுட்டை ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு குறுக்களவினது. தாதுவோடு கூடியபின் அஃது ஏறத்தாழ ஒரு நாளில் இரண்டாகவும், பின் நான்காகவும் எட்டாகவும் பிளக்கின்றது. முதற்பிளவுகளின் அணுக்கள் முழுவுடம்பாதற்கும், அவ்வுடம்பைத் தாங்கும் நஞ்சுக்கொடி முதலியன ஆதற்கும் ஒருங்கே ஆற்றலுடையன. இதனை முழுமையாற்றல் என்போம். ஐந்தாம் ஆறாம் நாட்களில் கரு உள்ளே நீர் நிரம்பிய சிறு பந்தாகின்றது. அதன் புறத்தணுக்கள் நஞ்சுக்கொடிக்குரியனவாய்ப் பிரிய, உள்ளே ஒருபுறம் குவிந்த சில அணுக்களே உடம்பிற்குரியனவாய் நிற்கின்றன. இவ்வகத்தணுக்கள் உடம்பின் எவ்வுறுப்பாகவும் ஆகவல்லன. ஆயினும் நஞ்சுக்கொடியை ஆக்கித் தாமே கருவாய் முற்ற மாட்டா. இதனைப் பல்லாற்றல் என்போம். பின்வரும் வழக்கிற்கு இவ்வேறுபாடே உயிர்நிலையாகலின் நினைவிற் கொள்க.

ஆறாம் ஏழாம் நாட்களில் கரு தாயின் கருப்பையிற் பதியத் தொடங்குகின்றது. ஏறத்தாழ பதினைந்தாம் நாளில், தட்டுப்போலப் பரந்த கருவின் நடுவே ஒரு கோடு தோன்றுகின்றது. அக்கோடே தலையும் காலும், வலமும் இடமும் வகுக்கும் முதல் எல்லை. அதன் வழியே அணுக்கள் உட்புகுந்து மூன்று படலங்களாகின்றன. மேற்படலத்தினின்றும் தோலும் மூளையும் நரம்பும், இடைப்படலத்தினின்றும் எலும்பும் தசையும் குருதியும் இருதயமும், அடிப்படலத்தினின்றும் குடலின் உட்புறமும் ஈரலும் நுரையீரலின் உட்புறமும் ஆகின்றன. நான்காம் வாரத் தொடக்கத்தில் இருதயம் துடிக்கின்றது. எட்டாம் வாரத்தின் இறுதியில் பேருறுப்புக்களின் அடிப்படை அமைந்துவிடுகின்றது.

6. ஆய்வுக்கூடத்தில்

1981-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் எவன்ஸும் மாத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும், எலிக்கருவின் அகத்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தனர். அவை பல்லாற்றல் குன்றாது மேன்மேலும் பெருகின. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனும் அவர் குழுவினரும் மானுடக் கருவினின்றும் அங்ஙனமே எடுத்து வளர்த்தனர். மகப்பேறில்லார் பொருட்டுச் சோதனைக் கிண்ணத்தில் உண்டாக்கி, பயன்படாது எஞ்சிய கருக்களை, பெற்றோர் இசைவின்பேரில் அவர் கொண்டனர். அகத்தணுக்களை எடுத்தவழிக் கரு சிதையும். வழக்கு எழுந்தது ஆண்டே.

இவ்வணுக்களின் பயன் யாதெனின், ஒன்று, மானுட உறுப்புக்கள் எவ்வாறு ஆகின்றன, எவ்விடத்துப் பிழைபடுகின்றன என அறிதல். இரண்டு, மருந்துகளின் நன்மை தீமைகளை உடம்பிற் புகுத்துமுன் அணுக்களிற் சோதித்தல். மூன்று, அழிந்த விழித்திரை, நரம்பு முதலியவற்றிற்கு மாற்றணு அளித்தல். மூன்றாவது இன்னும் பெரும்பாலும் சோதனை நிலையினது. பல்லாற்றல் அடங்காத அணு உடம்பினுட் புகின் கட்டியாய் வளர்தலும் உண்டு.

இனி, முற்றிய அணுவை மீண்டும் இளமைக்குத் திருப்பல் கூடுமோ என்னும் வினாவும் எழுந்தது. 1962-இல் ஜான் கர்டன் தவளைக்குஞ்சின் குடலணுவினின்றும் உட்கருவை எடுத்து, உட்கரு அழித்த முட்டையிற் புகுத்தி, நீந்தும் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். ஆகவே, குடலணுவும் முழுவுடம்பின் வரைவினை இழந்திலது. 1996-இல் ‘டாலி’ என்னும் ஆடு இம்முறையிற் பிறந்தது. 2006-இல் ஜப்பானியராகிய ஷின்யா யமனாக்கா, எலியின் முற்றிய அணுவில் நான்கு காரணிகளைப் புகுத்தி, அதனைப் பல்லாற்றல் நிலைக்குத் திருப்பினார். 2007-இல் மானுட அணுவிலும் அஃது இயன்றது. கர்டனும் யமனாக்காவும் 2012-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்தனர். கருவைச் சிதையாமலே பல்லாற்றலணுவைப் பெறுதற்கு இதனால் வழி பிறந்தது. எனினும், கருவின் இயல்பு அறிதற்குக் கருவே வேண்டும் என்பர் ஆய்வாளர். ஆகலின் வழக்கு ஒழிந்திலது.

7. பதினான்கு நாள் என்னும் எல்லை

1978-இல் இங்கிலாந்தில் முதற் சோதனைக் கிண்ணக் குழவி பிறந்தபின், ஆய்வுக்கூடத்துக் கருவிற்கு எல்லை வகுக்க வேண்டி, மேரி வார்னக் என்னும் தத்துவப் பேரறிஞர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1984-இல், பதினான்கு நாட்களுக்குமேல் மானுடக் கருவை ஆய்வின்பொருட்டு வளர்த்தலாகாது என்று பரிந்துரைத்தது. 1990-இல் அஃது அந்நாட்டுச் சட்டமாயிற்று. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையும் அவ்வெல்லையையே கூறுகின்றது. 2016 வரையில் பதினான்கு நாள் வளர்க்கும் திறம் எவர்க்கும் இல்லாமையின் இஃது ஏட்டளவில் நின்றது. அவ்வாண்டில் இரு குழுவினர் பன்னிரண்டு பதின்மூன்று நாள் வளர்த்து, எல்லை கருதி நிறுத்தினர். 2021-இல் உலகத் தண்டணு ஆராய்ச்சிச் சங்கம் இவ்வெல்லையை முற்றத் தடுக்கப்பட்டவற்றினின்றும் நீக்கி, தக்க ஆராய்வின்பேரில் தளர்த்தலாம் என்றது.

இவ்வெல்லைக்குக் காட்டும் ஏதுக்களுள் முதன்மையானது இது: நடுக்கோடு தோன்றுமுன் ஒரு கரு பிளந்து இரட்டைக் குழவியாதல் கூடும், தோன்றியபின் பொதுவாகக் கூடாது. இரண்டாகக் கூடியதனை ஒருவன் என்றல் பொருந்தாது. ஆகவே பதினான்கு நாட்குள் ஆண்டு ஒருவனும் இல்லை என்பர்.

இதனை ஆராய்வாம். முருங்கைக் கொம்பொன்றை வெட்டி நட்டால் அது வேறொரு மரமாகின்றது. அதுபற்றி, வெட்டுமுன் அம்மரம் உயிரற்றது என்பார் உளரோ? தாவரத்தையும் எழுவகைப் பிறப்புள் ஒன்றாக எண்ணும் நாம் அங்ஙனம் கூறோம். முன்னிருந்த உயிர் ஓருடம்பில் நிற்ப, பிரிந்த உடம்பு வேறோர் உயிர்க்கு இடமாயிற்று என்பதே நம் நெறிக்கு ஒக்கும். பிளவுபடுவது உடம்பு, ஆன்மா பிளவுபடாது. ஆகலின், ‘பிளவுபடத்தக்கது, ஆதலின் உயிரில்லது’ என்னும் ஏது துணிபினைத் தாராது. அது காட்டுவது, எத்துணை உயிர் என நம்மால் எண்ணல் இயலாது என்பது மட்டுமே.

அற்றேல், முதல் நாள் தொட்டே உயிர் உண்டு என்பது இவ்வாராய்ச்சியால் நிலைபெற்றதோ எனின், அதுவுமில்லை. உயிர் உடம்பொடு கூடுங் கணத்தை உருப்பெருக்கி காட்டாது. அணுக்களின் கணக்கும் காட்டாது. கருக்களுட் பல பதியாமலே தாமாகக் கழிகின்றன என்பதும் எண்ணத்தக்கது. பதினான்கு நாள் என்பது தத்துவ முடிபன்று. மாறுபட்ட கொள்கையினர் ஒரு நாட்டில் ஒருங்கு வாழ்தற்கு வகுத்த வரம்பு. சட்டத்திற்கு ஐயமின்றி எண்ணத்தக்கதோர் எல்லை வேண்டும் என்பதே வார்னக் அம்மையார் கருத்துமாகும். வரம்பினை வரம்பாக மதித்தல் நேர்மை. அதனை மெய்ப்பொருளாகக் கொண்டு, பதின்மூன்றாம் நாட் கருவைக் கல்லெனவும் பதினைந்தாம் நாட் கருவை மகவெனவும் கூறல் நேர்மையன்று.

ஐயமுள்ள இடத்துச் செய்யத்தக்கது யாது? கொல்லாமையைத் தலைக்கொண்டார்க்கு, உயிருண்டோ என்னும் ஐயமே கையை நிறுத்தப் போதும் என்பர் ஒருசாரார். எவ்வாற்றானும் கழிக்கப்படும் எஞ்சிய கருவினால் ஒரு குருடன் கண்பெறுதல் கூடுமாயின், அதனைத் தடுத்தல் அருளோ என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் அருள் உண்டு. எமக்குத் தோன்றுவது, கருவைச் சிதையாத வழியாற் பெறத்தக்க பயனை அவ்வழியாலேயே பெறுதல் வேண்டும் என்பதும், ஆய்வின்பொருட்டென்றே கருவை ஆக்கி அழித்தல் ஒவ்வாது என்பதுமே. எஞ்சிய கருக்களைப் பற்றித் துணிந்துரைக்க யாம் வல்லேமல்லேம். கல்விசான்ற பெரியோர் இதனை எடுத்து ஆராய்வாராக.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றான் மூன்று பெறப்படும். கருவின் அணு பகுதியாய் நின்றே முழுமைக்குரிய ஆற்றலைத் தன்னுட் கொண்டது என்பது முதலாவது. உடம்பின் இவ்வியல்பு ஆன்மாவை நாட்டுதற்கும் மறுத்தற்கும் ஏதுவாகாது என்பது இரண்டாவது. உயிர்க்கு இரங்கும் நெறியினர்க்கு இவ்வாராய்ச்சியிற் கூறவேண்டுவது உண்டு என்பதும், அதனை உடலியலைக் கற்றபின்னரே கூறல்வேண்டும் என்பதும் மூன்றாவது.

இறுதியாக ஒன்று. நோயுற்ற மக்கள் திருமடங்களை அடைந்து அறிவுரை வேண்டுதல் வழக்கம். தண்டணுவால் எந்நோயும் தீரும் எனப் பெரும்பொருள் பெறுவாரும் நாட்டில் உளர். குருதிநோய் சிலவற்றிற்கு எலும்புமச்சையின் அணுக்களை மாற்றுதல் நிலைபெற்ற மருத்துவம். ஏனைய பயன்பாடுகளை, ஒப்புதல் பெற்ற சோதனையாகவன்றி மருத்துவமாக விற்றலை, மேற்கூறிய 2017-ஆம் ஆண்டு நெறிமுறை விலக்கியுள்ளது. தன் குழந்தையின் பொருட்டு வீட்டை விற்கத் துணிந்து வரும் தந்தைக்கு இவ்வொன்றனை எடுத்துச் சொல்லுதல், நூறு பக்கம் வாதம் எழுதுதலினும் மேலாய சிவபுண்ணியமாம். அதனைச் சொல்லும் அளவிற்கேனும் இவ்வியலை நாம் கற்றல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.